ஏழாம் பெட்டியில் வெள்ளைப் பொடி

போன் அடித்தபோது நான் லுஹர் தொழுகைக்கு வுழூச் செய்துகொண்டிருந்தேன். வலது கை முழங்கை வரை நனைந்திருந்தது, இடது கையில் இன்னும் தண்ணீர் படவில்லை. திரையில் பவாஸின் பெயர். காலை எட்டு மணிக்கு எங்கள் லொறியை எடுத்துக்கொண்டு போன டிரைவர் அவன். கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தால் 'சேர்ந்துட்டேன்' என்று ஒரு குரல் பதிவு போடுவான், அதோடு சரி. போன் எடுத்துப் பேசுகிற ஆளில்லை.

"தாத்தா, ஒரு பெட்டியத் தொறந்துட்டாங்க. உள்ளுக்கு வெள்ளைப் பொடி ஈக்கிதாம்."

எங்கள் ஆட்கள் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள், அண்ணனை நானா என்பார்கள். நான் அவனுக்குச் சொந்த அக்கா இல்லை, ஒரே தெரு.

"பொடியா? என்ன பொடி?"

"எனக்கு எப்படித் தெரியும்? முகத்த மூடிக்கிட்டு நாலு பேர் சுத்தி நிக்கிறாங்க. என்னைக் கிட்டவும் விடுறாங்க இல்ல. ஏழாம் நம்பர் பெட்டி, அது மட்டும்தான் தெரியும்."

யா அல்லாஹ்! நாற்பது பெட்டிகளில் ஏதாவது ஒன்றைத் திறந்து பார்க்கிற உரிமை அவர்களுக்கு இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். புது அனுமதி கிடைத்து முதல் நாள், முதல் லொறி, அதில் அந்தப் பெட்டிதானா கையில் அகப்பட வேண்டும்?

எங்கள் தொழில் கீரைதான். கடுகண்ணாவை, கம்பளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வல்லாரை, பொன்னாங்காணி, கறிவேப்பிலை, ரம்பை எல்லாம் விடியக் காலையில் கெலிஓயாவில் இருக்கிற எங்கள் கட்டடத்துக்கு வரும். பதினொரு பெண்கள் கழுவி, உலர்த்தி, கட்டி, பெட்டியில் அடுக்குவார்கள். பின்னேரம் விமானம் ஏறினால் மறுநாள் துபாயில் கடைக்குப் போய்விடும். சொல்லும்போது எவ்வளவு லேசாக இருக்கிறது பாருங்கள். போன மாதம் வரைக்கும் விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகையில் ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியாகச் சோதித்து முடிக்கும்போது வல்லாரை வதங்கித் தொங்கும். துபாய்க் கடைக்காரர் படம் எடுத்து அனுப்புவார், படத்துக்குக் கீழே ஒரு வார்த்தையும் எழுத மாட்டார். அது திட்டுவதைவிட மோசம்.

அதற்காகத்தான் முதலாளி முஹ்ஸின் நானா எட்டு மாதம் அலைந்து அந்த அனுமதியை எடுத்தார். கட்டடத்தைச் சுற்றி வேலி, நாலு கெமரா, வாசலில் சோதனை மேசை, வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் பொலிஸ் அறிக்கை. சாமானை நாங்களே இங்கே பாதுகாப்பாகக் கட்டி, லொறிக் கதவுக்கு நம்பர் போட்ட சீல் குத்தி, வழியில் எங்கேயும் தனியாக விடாமல் கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கே வரிசை கிடையாது. எங்களை நம்பி எடுத்துக்கொள்வார்கள். அந்த நம்பிக்கைக்குக் கீழே பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட்டவள் றம்லத், அதாவது நான். கையெழுத்துப் போட்ட அன்று வீட்டில் இனிப்புக்கு வட்டிலப்பம் செய்தேன்.

பவாஸின் போனை ஓர் அதிகாரி வாங்கினார். சிங்களத்தில் பேசினார், குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இலைக்கு மேலே வெள்ளையாக ஒரு தூள் தூவியிருக்கிறது. வெடிமருந்துச் சோதனையில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் அது என்ன, யார் போட்டது, எப்படி உள்ளே வந்தது என்று ஒரு மணி நேரத்துக்குள் நீங்கள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சாமான் திரும்பும், அனுமதியும் நிற்கும். இதைச் சொல்லிவிட்டு நேரத்தையும் சொன்னார். பன்னிரண்டு இருபத்தைந்து.

அனுமதி நின்றால் துபாய்க் கடை போய்விடும். அந்தக் கடை போனால் இந்தக் கட்டடத்துக்கு வேறு வேலை இல்லை. பதினொரு பெண்களையும் என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு வீடு. தலைத் துணியைச் சரிசெய்யக்கூட நேரமில்லாமல் பொதி கட்டும் அறைக்கு ஓடினேன்.

எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்தேன். எனக்குச் சத்தம் கூடுதல் என்று வீட்டிலும் சொல்வார்கள், அன்றைக்குக் கெலிஓயா பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். "ஏழாம் பெட்டிக்குள்ள என்ன போட்டீங்க? யார் போட்டது? வாயத் தொறந்து செல்லுங்க!" அனுஷியா தன் கையுறையைப் பார்த்தாள். சுபாஜினி அழத் தொடங்கினாள். அவள் எதற்கும் அழுகிறவள், அதைக் கணக்கில் எடுக்க முடியாது. பயிற்சி நாளில் இதே அறையில் நின்று நான்தான் வாசித்தேன், வெளிச் சாமான் ஒன்றை உள்ளே கொண்டுவந்தால் அன்றைக்கே வேலை போகும் என்று. இரண்டு தரம் வாசித்தேன். பிறகு எந்த வாய் திறக்கும்?

அதற்குள் பவாஸிடம் கேள்விப்பட்டு முஹ்ஸின் நானா கண்டியிலிருந்து போன் எடுத்துவிட்டார். பதற்றத்தில் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன்.

"றம்லத், இப்படிச் செல்லு. கையுறைக்குள்ள ஒரு மாப் பொடி வருமே, அதுதான் கொட்டிப் போச்சுன்னு செல்லு. அவங்களுக்கும் தலையிடி கொறையும்."

நியாயமாகச் சொன்னால் எனக்கு அந்தப் பொய் பிடித்திருந்தது. சின்னது, சுத்தமானது, யாருக்கும் சேதமில்லாதது. எங்கள் கையுறையில் மா கிடையாது, ஆனால் கட்டுநாயக்கவில் இருக்கிற மனிதருக்கு அது எப்படித் தெரியும்? நான் மனதுக்குள் சிங்களத்தில் வசனத்தைக் கூட்டத் தொடங்கிவிட்டேன். அப்போதுதான் வரிசையின் கடைசியிலிருந்து பாலம்மாக்கா முன்னுக்கு வந்தார்.

பாலம்மாக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மேலே தேயிலைத் தோட்டத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருகிறவர். இருபத்தாறு வருடம் கொழுந்து பறித்த கை, ஒரு கட்டு வல்லாரையை எடுத்தால் நிறை ஒரு கிராம் கூடாது, குறையாது. ஒரு நாளும் அவரிடம் குரலை உயர்த்த வேண்டி வந்ததில்லை.

"பொய் சொல்ல வேணாங்க மிஸ். நான்தான் போட்டேன்."

"என்ன போட்டீங்க?"

"துன்னூறு."

எனக்கு விளங்கவில்லை. பாலம்மாக்கா இடுப்புப் பக்கம் சேலைக்குள் கையை விட்டு ஒரு சின்னத் துணிப் பையை எடுத்தார். "கதிர்காமத்துத் துன்னூறுங்க. ஒரு சிட்டிகை எடுத்து நாலு மூலைக்கும் தூவி விட்டேன். மொத வண்டி மிஸ். வெறும் நெத்தியோட அனுப்ப மனசு வரல."

"அதுக்கு ஏழாம் பெட்டி என்னத்துக்கு?"

"மொதப் பெட்டிக்கே போடத்தான் நெனச்சேன். மிஸ் அங்கனயே நின்னுக்கிட்டு இருந்தீங்க. டேப் எடுக்கப் போனீங்கள்ல, அப்ப ஏழாம் பெட்டிதான் தொறந்திருந்துச்சு."

அழுவதா சிரிப்பதா! நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது, அதே நேரம் அந்தப் பெண் எவ்வளவு நல்ல மனதோடு எங்கள் கழுத்தை அறுத்திருக்கிறார் என்பதும் தெரிந்தது. அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. காலையில் லொறிக் கதவைச் சாத்துவதற்கு முன்னால் நானும் பாதுகாப்புக்காக ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஓதி மூன்று தரம் உள்ளே ஊதினேன். ஊதிய காற்று எந்தச் சோதனையிலும் அகப்படாது, அதனால் நான் தப்பினேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்பீக்கரில் முஹ்ஸின் நானா இன்னும் மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "நானா, உண்மையைத்தான் செல்லப் போறேன்," என்று சொல்லி வெட்டினேன். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. ஐம்பத்திரண்டு வயதுக்காரி எல்லாருக்கும் முன்னால் வந்து நின்ற பிறகு நான் கையுறையைப் பற்றிப் பேசியிருந்தால் வெட்கத்தில் செத்திருப்பேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு அதிகாரியைக் காணொளி அழைப்பில் எடுத்தோம். கெமராப் பதிவில் காலை ஏழு பன்னிரண்டைத் தேடி அனுப்பினேன். நான் டேப்புக்காகத் திரும்புகிறேன், பாலம்மாக்கா குனிகிறார், கை பெட்டிக்கு மேலே ஒரு சுற்று சுற்றி வருகிறது. மூன்று விநாடி. அதிகாரி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு அந்தப் பையைக் காட்டச் சொன்னார். பாலம்மாக்கா ஒரு வெள்ளைக் கடதாசியில் கொஞ்சம் கொட்டிக் காட்டினார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். நான் சிங்களத்தில் விளக்குவதற்குள் பாலம்மாக்கா திரையைப் பார்த்து "கத்தரகம, மாத்தயா, கத்தரகம" என்று கதிர்காமத்தைச் சிங்களத்தில் சொன்னார். சொல்லிவிட்டு, ஒருவரும் கேட்காமலே, ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இழுத்தார். மிச்சத்தை வாயில் போட்டு விழுங்கினார்.

திரையில் அந்த மனிதர் பக்கத்தில் நின்ற யாரிடமோ திரும்பி ஏதோ சொன்னார், அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பி எங்களைப் பார்த்தபோது அவர் சிரிக்கவில்லை. இந்தப் பை வாசல் சோதனையைத் தாண்டி எப்படி உள்ளே வந்தது என்று கேட்டார்.

நான்தான் சோதிக்கிறேன் என்றேன். இடுப்பில் ஏன் தடவிப் பார்க்கவில்லை? வயதில் மூத்தவர், கூச்சமாக இருந்தது என்றேன். சரி, உங்களை யார் சோதிக்கிறார்கள்?

எட்டு மாதத்தில் எங்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி வரவில்லை. நான் காலையில் வருவேன், பையைத் தோளில் போட்டபடி உள்ளே போவேன், பிறகு வெளியே வந்து மற்றவர்களைச் சோதிப்பேன்.

அவர் தீர்ப்பு எழுதுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். தூளின் ஒரு மாதிரியை எடுத்து வைத்துக்கொள்கிறோம். ஏழாம் பெட்டி இங்கேயே நிற்கும். மற்ற முப்பத்தொன்பதையும் இன்றைக்கு மட்டும் ஒவ்வொன்றாகச் சோதித்து ஏற்றுவோம், விமானத்துக்கு நேரம் இருக்கிறது. நடந்ததை உங்கள் பதிவுப் புத்தகத்தில் எழுதிப் படம் அனுப்புங்கள். நாளையிலிருந்து உங்களையும் ஒருவர் சோதிக்க வேண்டும். மறைத்திருந்தால் அனுமதியை நிறுத்தியிருப்பேன் என்றும் சொன்னார்.

நாலு மணிக்குப் பவாஸ் போன் எடுத்தான். "தாத்தா, எல்லாம் ஏத்தியாச்சு. நான் இன்னும் ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்கல்ல, லொறிய விட்டுட்டுப் போக ஏலாதே." அல்ஹம்துலில்லாஹ்! கதிரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். சுபாஜினி என்னைப் பார்த்து அழ, அவளைப் பார்த்து அனுஷியா சிரிக்க, அறை முழுக்க ஒரே சத்தம். அஸர் தொழுகைக்கு நின்றபோது உடம்பு காற்றில் மிதந்தது. ஓடி ஓடித் தவறவிட்ட லுஹரையும் சேர்த்துத் தொழுதேன்.

முஹ்ஸின் நானா மறுபடி போன் எடுத்தார். "அந்த மனிசிய வேலையால நிப்பாட்டத்தானே வேணும், றம்லத்? நீதானே வாசிச்சாய்."

"சோதிச்சது நான், நானா. அப்படின்னா மொதல்ல என்னை நிப்பாட்டுங்க."

"சாமான் பிளேன்ல போச்சா?"

"போச்சு."

"அப்ப சரி," என்று வைத்துவிட்டார்.

பாலம்மாக்கா வாசலில் செருப்பைப் போட்டபடி நின்றார். கேட்க வந்ததைக் கேட்காமல் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். "நாளைக்கு வரலாங்களா மிஸ்?"

"கால் மணித்தியாலம் முந்தி வாங்க. என்னைச் சோதிக்கிறது நீங்கதான்."

"ஐயோ, நானுங்களா?"

"வேற ஆர்? பொய் செல்லத் தெரியாத ஆள் நீங்க ஒருத்தர்தான் இங்க ஈக்கிறீங்க."

மறுநாள் ஆறே காலுக்குப் பாலம்மாக்கா மேசைக்குப் பின்னால் நின்றார். தலையை எண்ணெய் போட்டு இழுத்து வாரியிருந்தார், நெற்றியில் மட்டும் துன்னூறு, இடுப்பில் ஒன்றும் இல்லை என்று அவரே முதலில் காட்டினார். புதுக் கையுறை. எனக்குப் பின்னால் பத்துப் பேரும் வரிசையில் நின்றார்கள், என்றைக்கும் இல்லாத ஒழுங்கு. இந்தக் காட்சியைத் தவறவிடக் கூடாது என்று எல்லாரும் நேரத்துக்கே வந்திருந்தார்கள். நான் பொறுப்பாளருக்குரிய முகத்தை வைத்துக்கொண்டு பையை மேசையில் வைத்தேன்.

பாலம்மாக்கா ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினார். வீட்டுத் திறப்புக் கொத்து, பனடோல் மாத்திரை அட்டை, மகனின் பாடசாலைக் கடிதம், கசங்கிய பஸ் டிக்கட்டுகள், கடதாசியில் சுற்றிய இரண்டு பேரீச்சம்பழம். பையின் அடித் துணி ஓர் இடத்தில் கிழிந்திருந்தது. அதற்குள் விரலை விட்டார், நிறுத்தினார், என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல வெளியே இழுத்தார்.

நீலப் பிடி போட்ட பழம் வெட்டுகிற கத்தி. மூன்று மாதமாக எங்கள் குசினியில் காணாமல் போயிருந்த கத்தி! அதைத் தொலைத்ததாக என் மனிசனை எத்தனை தரம் திட்டியிருப்பேன்! வேலியும் கெமராவும் போட்ட கட்டடத்துக்குள் ஒவ்வொரு நாளும் அதைத் தோளில் சுமந்து வந்து, அதன் பிறகு மற்றவர்களின் பையைக் கவிழ்த்துக் கொட்டியிருக்கிறேன்.

பாலம்மாக்கா கத்தியைத் தட்டின் நடுவில் வைத்தார். அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, பழி வாங்கிய சந்தோசமும் இல்லை. பயம்தான் இருந்தது.

"மிஸ், இதையும் எழுதணுங்களா?"

"எழுதுங்க," என்றேன். பேனையை எடுத்து நீட்டினேன். "எழுதுங்க பாலம்மாக்கா."

அவர் பதிவுப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நேற்று நான் எழுதிய அவருடைய பெயருக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு போட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, பேனையை அழுத்திப் பிடித்து, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, என் பெயரின் முதல் எழுத்தைப் போடத் தொடங்கியது. வரிசையில் யாரோ அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்தார்கள். அவர் தலையை நிமிர்த்தவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார்.