உறை வைக்காத ஆயில்

எங்கள் ஊரில் வண்டிகளுக்கு வழி தெரிவது என்ஜின் ஆயிலால்தான். ஓட்டுகிறவர் ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரைத் திருகினால் போதும். ஒரு வீட்டுக்கு ஒருமுறை போய்வந்த ஆயில் அந்த வீட்டை மறப்பதில்லை.

எங்கள் ஸ்கூட்டரின் ஆயிலுக்கு நான்கு இடங்கள் தெரியும். உழவர் சந்தை, ரேஷன் கடை, என் மனைவி தெய்வானையின் தங்கை வீடு, எங்கள் மகள் கோகிலவாணியின் வீடு. நான்காவது இடம் ஆயிலைத் தவிர எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆறு வருடத்துக்கு முன் கோகிலா தனக்குப் பிடித்தவனோடு அந்த வண்டியில்தான் போனாள். மறுநாள் மதியம் வண்டி மட்டும் திரும்பி வந்து வாசலில் நின்றது. நான் தெய்வானையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். மகளோடு போனில் பேசக் கூடாது, அவள் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளக் கூடாது. தெய்வானை இரண்டையும் மீறவில்லை. வியாழக்கிழமைதோறும் வண்டியில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்வாள். அது கூட்டிப்போய்க் கூட்டிவரும்.

நான் மீட்டர் ரீடிங் எடுக்கிறவன். ஒரு நாளைக்கு நூறு வீட்டு வாசலில் நிற்பேன். அந்த ஒரு வீட்டைப் பற்றி நான் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு புதன்கிழமை, கட்டிலில் ஒரு பை இருந்தது. என் பழைய வேட்டி சின்னச் சின்னச் சதுரங்களாகக் கிழிக்கப்பட்டு அதில் அடுக்கியிருந்தது.

"இந்தத் தடவ ஒரு வாரம் ஆகுமுங்க" என்றாள் தெய்வானை.

எங்கே என்று நான் கேட்கவில்லை. வெளியே போய் வண்டியின் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். தார் மாதிரி இருந்தது. நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வாள் என்று தோன்றியது. மெக்கானிக் மருதாசலம் மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தார். செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு நானே மாற்ற உட்கார்ந்தேன்.

வீடியோவில் சொன்னபடி ஐந்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டேன். சூடான ஆயில்தான் நன்றாக இறங்குமாம். அடியில் படுத்துக்கொண்டு பார்த்தால் இடமும் வலமும் மாறிவிடுகிறது. கழற்றுவதாக நினைத்துக் கொஞ்ச நேரம் ஆயில் வடிக்கும் நட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். மறுபக்கம் திருப்பியதும் நட்டு நழுவி, அடியில் வைத்திருந்த பேசினில் விழுந்தது. ஆயில் என் முழங்கை வரை வழிந்தது. வலது கை வெந்துபோயிற்று. ஆயிலைத் துழாவி நட்டை எடுத்தேன். அதோடு இருந்த வாஷர் கிடைக்கவில்லை. ஒரு துளிகூடத் தங்கக் கூடாது என்று வண்டியைச் சாய்த்துச் சாய்த்து வடித்தேன். பிறகு வாஷர் இல்லாமலே நட்டை முடுக்கினேன். எண்ணூறு மில்லி ஊற்றச் சொல்லியிருந்தார்கள். மீதியை வைத்து என்ன செய்வது என்று ஒரு லிட்டரையும் ஊற்றினேன்.

பழைய ஆயிலைப் பக்கத்து வீட்டுக் குழந்தைவேல் அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய ஆட்டுப்பட்டியின் மரக்கேட்டைக் கரையான் அரித்துக்கொண்டிருந்தது. இரண்டு தடவை பூசினார்.

மறுநாள் வியாழக்கிழமை காலை தெய்வானை பையை முன்னால் வைத்து ஏறிக் கண்ணை மூடினாள். வண்டி வாசலிலேயே ஒரு வட்டமடித்து வேப்பமரத்தில் முட்டி நின்றது. மறுபடி கிளப்பினாள். மறுபடி ஒரு வட்டம், மறுபடி மரம்.

"ஏனுங்க, வண்டிய என்ன பண்ணுனீங்க?"

"ஆயில் மாத்துனேன்."

"ஒறைக்குக் கொஞ்சம் வெச்சீங்களா?"

பாலுக்கு உறை ஊற்றுவது போல, மருதாசலம் ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி பழைய ஆயிலை உள்ளேயே விட்டுவைப்பார். அதிலிருந்து புது ஆயில் ஒரு ராத்திரியில் எல்லா வழியையும் கற்றுக்கொள்ளும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான் கவனித்ததில்லை.

தெய்வானை வண்டியிலிருந்து இறங்கினாள். படியில் உட்கார்ந்து பையிலிருந்த துணிகளை எடுத்து மறுபடி மடித்தாள். அவை ஏற்கெனவே நன்றாகத்தான் மடித்திருந்தன.

"ஆஸ்பத்திரியில நாளைக்குத் தேதி குடுத்திருக்காங்க. நான் பக்கத்துல இருந்தாப் போதும், வேற யாரும் வேண்டாம்னு என்ற கையப் புடிச்சுட்டுச் சொன்னா. வந்தர்றேன்னு சொல்லிட்டனுங்க."

ஆறு வருடத்தில் கோகிலாவைப் பற்றி அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அப்போதுதான் என் கை எரிய ஆரம்பித்தது.

குழந்தைவேல் அண்ணன் தெருவுக்கு வந்தார். "எங்க கேட்டப் பாத்தீங்களா? ஆடெல்லாம் ரோட்டுல நிக்குது."

"எந்தப் பக்கம் போச்சுங்க?" என்று தெய்வானை எழுந்தாள்.

"காங்கயம் ரோட்டுல போகுதுன்னு பால்காரர் சொன்னாரு. மெதுவாத்தான் போகுதாம்."

தெய்வானை வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்தாள். "நீங்க ஓட்டுங்க. நான் வழியப் பாக்கக் கூடாது."

"அந்தச் சத்தியத்த விட்டுரு தெய்வான."

"அதப் பொறவு பேசிக்கலாமுங்க. கேட் போயிரும்."

பைபாஸைத் தாண்டி கேட்டைப் பிடித்தோம். சாலையின் இடது ஓரமாக நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தது. லாரி வந்தால் ஒதுங்கிப் பாதி திறந்து வழிவிட்டது. நான் ஹேண்டிலை என் கையாலேயே திருப்பிப் பின்னாலேயே ஓட்டினேன். ஆயில் அதிகமானதால் வண்டி வெள்ளையாகப் புகைந்தது. வாஷர் இல்லாததால் நட்டின் ஓரமாகச் சொட்டிக்கொண்டே வந்தது. பதினெட்டாவது கிலோமீட்டரில் என்ஜின் நின்றுவிட்டது. கேட் நிற்கவில்லை. நான் இறங்கித் தள்ளினேன். தெய்வானை கண்ணைத் திறக்காமல் வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கேட்டைத் தவறவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

ஒரு சந்துக்குள் திரும்பிய கேட், மஞ்சள் சுற்றுச்சுவரில் இருந்த இடைவெளியில் போய்ப் பொருந்தி மூடிக்கொண்டது. உள்ளே கோகிலா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வயிறு பெரிதாக இருந்தது. முகம் அப்படியேதான் இருந்தது.

"கண்ணத் தொறம்மா, வந்தாச்சு" என்றாள்.

தெய்வானை கண்ணைத் திறந்தாள். கேட் அவளுக்குத் திறந்து, அவள் உள்ளே போனதும் மூடிக்கொண்டது. அதில் பூசிய ஆயிலுக்கு அவளைத்தான் பழக்கம். நான் வண்டியோடு வெளியே நின்றேன்.

கோகிலா மெல்ல எழுந்து கேட்டருகே வந்தாள். முதலில் வண்டியைப் பார்த்தாள்.

"ஒறை வெக்கலியாப்பா?"

"இல்ல கண்ணு."

"வாஷர்?"

"விழுந்துருச்சு."

"கைக்கு என்னாச்சு?"

"சூடா இருந்துச்சு."

அவள் கணவன் அருளப்பன் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அப்போது கார் பிடித்துவரப் போயிருந்தான். அவனுடைய தகர டப்பாவிலிருந்து ஒரு வாஷரை எடுத்துக் கேட்டின் இடுக்கு வழியாக நீட்டினாள். நான் வண்டியின் அடியில் படுத்து நட்டைக் கழற்றி, மிச்ச ஆயிலை வடித்துவிட்டு வாஷரை மாட்டினேன்.

"வலது பக்கம் திருப்புங்க. உங்க வலது இல்லப்பா, நட்டோட வலது. போதும், போதும். ரொம்ப இறுக்குனா மரை போயிரும்."

வேட்டித் துண்டு ஒன்றால் கேட்டை அழுத்தித் துடைத்து, ஒரு கரண்டி ஆயில் பிழிந்து கொடுத்தாள். அதை முதலில் ஊற்றினேன். மேலே அருளப்பனின் கேனிலிருந்து புது ஆயிலை, குச்சியின் கோடு வரைக்கும், ஒவ்வொரு மடக்காக.

"ஆறு வருசமாச்சு" என்றேன்.

"ஆமாங்கப்பா" என்றாள். கேட்டைத் தன் கையால் திறந்துவிட்டாள். எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். தெய்வானை சோறு போட்டாள். நான் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் கோகிலாவுக்கு வலி எடுத்தது. அருளப்பன் கொண்டுவந்த காரில் எல்லோரும் ஏறினோம்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நர்ஸ் வெளியே வந்தார். பெண் குழந்தை என்றும், கூடவே ஒரு மழை என்றும் சொன்னார். எங்கள் பக்கம் எப்போதாவது ஒரு பிரசவத்தில் குழந்தையோடு மழையும் பிறக்கும். குழந்தையைத் தெய்வானை வாங்கிக்கொண்டாள். மழையைத் துண்டில் சுற்றி என்னிடம் நீட்டினார். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். தலை எந்தப் பக்கம் என்று கேட்டேன். காட்டினார். கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.