வாயை மூடிக்கொண்டு பார்த்தவள்

வீட்டில் நாத்தனார், வார்டில் வாத்தியார். மூச்சு சிகிச்சைப் படிப்பின் கடைசி வருஷம் மருத்துவமனைப் பயிற்சிக்குப் போனவளுக்குக் கணவனின் அக்காவே பயிற்றுநராக வாய்த்தபோது, "உனக்கென்ன, பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு" என்றார்கள் தோழிகள்.

"தம்பி பொண்டாட்டிக்குச் சலுகை காட்டுறான்னு நாலு பேர் பேசிடக் கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள் நாத்தனார். சொன்னபடியே நடந்தாள். மற்ற மாணவர்கள் வென்டிலேட்டரைத் தொட்டுப் பழக, இவள் சுவரோடு சுவராக நின்றாள். கேள்வி கேட்டால், "வாயை மூடிக்கிட்டுக் கண்ணால பாரு" என்று பதில் வரும்.

அன்றும் கண்ணால்தான் பார்த்தாள். வென்டிலேட்டரில் ஒரு பஸ் டிரைவர். வியர்வையில் பிளாஸ்திரி விட்டுப்போய், வாய்வழியே செருகிய மூச்சுக்குழாயின் அளவுக்குறி உதட்டைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே வந்திருந்தது.

"அண்ணி, டியூப் நழுவுற மாதிரி இருக்கு."

நாத்தனார் அடுத்த கட்டிலில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அந்த வரிசை முழுக்க அவள் ஒருத்தி தலையில்தான். "பாக்க வந்தியா, எனக்குப் பாடம் நடத்த வந்தியா?"

நர்ஸுகள் சிரித்தார்கள். இவள் அடங்கிப்போனாள்.

விரிப்பு மாற்ற டிரைவரைப் புரட்டியபோது குழாய் கழன்று வந்துவிட்டது. டாக்டர் ஓடிவந்து மறுபடி போடுவதற்குள் முகம் நீலம் பாரித்திருந்தது. உயிர் தப்பியது. ஆனால் அதன்பிறகு அவர் பெற்ற மகளைக்கூட அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

"பெட் பக்கத்துல யாரு இருந்தது?" என்றார் டாக்டர்.

"ஸ்டூடண்ட்தான், டாக்டர்" என்றாள் நாத்தனார்.

அது பொய்யில்லை. அதனால்தான் இவளுக்குப் பொய்யைவிட அதிகம் சுட்டது.

சாப்பிடும்போது மாமியார் ஆரம்பித்தாள். "அவ பேச்சைக் கேட்டு நடந்திருந்தா இப்படி ஆகுமா?"

"கேட்டு நடந்ததாலதான் ஆச்சு, அத்தை."

நாத்தனார் தட்டைப் பார்த்தே சாதத்தைப் பிசைந்தாள். தண்ணீர் எடுக்க எழுந்துபோன கணவன் திரும்பி வரவே இல்லை.

கல்லூரியில் கேட்டு வாங்கிக்கொண்டு இவள் வேறு மருத்துவமனைக்கு மாறினாள். அங்கே பயிற்றுநர் நடுவயதுக்காரர். ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று, "முதல்ல நீங்க பாத்ததைச் சொல்லுங்கம்மா" என்பார். வென்டிலேட்டர் குழாயின் வளைவில் தண்ணீர் தேங்கியிருந்தது இவள் கண்ணில் பட்டது.

"எல்லாம் சரியா இருக்கு சார்."

அவர் குழாயைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். தண்ணீரை வடித்துக்கொண்டே, "பாத்தீங்கன்னு தெரியும். சொன்னா இங்க யாரும் கடிச்சுத் தின்னுட மாட்டாங்க" என்றார்.

இதைச் சொல்ல அன்றைக்கு ஓர் ஆள் இல்லாமல் போயிற்றே என்று ஆத்திரம் பொங்கியது. அவர் மேல்கூட.