இரண்டு தொட்டித் தண்ணீர்

மாலை ஆறு மணிக்கு வரும் போனுக்காக அமல்தாஸ் ஐந்தரைக்கே தலை வாரிக்கொள்வார். பேசப்போகிறவளுக்கு அவர் தலை தெரியப்போவதில்லை. இருந்தாலும் வாருவார். ஒரு நாளில் அவரோடு தமிழில் பேசுகிற ஒரே குரல் அது.

ரிங்லெட் என்ற மலை ஊருக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயம் முழுக்க இப்போது வங்காளதேசத்துப் பையன்கள். நல்ல பையன்கள்தான், பார்த்தால் சிரிப்பார்கள். சிரித்தே எத்தனை நாளை ஓட்டுவது? மனைவி கத்தரீன் போய்ச் சேர்ந்துவிட்டாள். சிங்கப்பூரில் இருக்கும் மகன் கிறிஸ்துமஸுக்குப் பேசுவான். அப்போதும் பாதிப் பேச்சில் அவனை யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவரைத் தண்ணீர் பம்ப் வீட்டுக்குக் காவலாக வைத்து, குடியிருந்த வீட்டையும் விட்டுவைத்திருந்தார்கள். அந்தப் பம்ப் வீட்டுக்குப் பின்னால்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு வந்த தனுஜா கொட்டகை போட்டாள். மழை விழாமல் மேலே கூரை, நான்கு பக்கமும் காற்றுக்குத் திறப்பு. உள்ளே இரண்டு வட்டத் தொட்டிகள். ஒன்றில் நல்ல தண்ணீர். மற்றதில், இனிக் கரைய மாட்டேன் என்று உப்பு அடியில் தங்கிவிடும் அளவுக்குக் கெட்டியான உப்புத் தண்ணீர். தொட்டியில் எவ்வளவு ஆவியாகிறது என்று தெரிந்தால், அணைக்கட்டு ஏரியில் எவ்வளவு போகிறது, கடலோரத்து உப்புக் குளத்தில் எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டுவிடலாமாம். கடலோரத்திலும் இதே மாதிரி இரண்டு தொட்டிகள் வைத்திருந்தாள்.

"சாயங்காலம் அளந்து வாட்ஸ்அப்புல போட்டுடுங்க அங்கிள்."

"அதெல்லாம் நமக்கு வராதுமா. நீங்க போன் போட்டுக் கேட்டுக்கங்க லா."

வாட்ஸ்அப் அவருக்கு நன்றாகவே வரும்.

தனுஜா தவறாமல் கூப்பிட்டாள். அளவு சொல்ல அரை நிமிடம் போதும். பிறகு அங்கே குளிர் எப்படி, என்ன சமையல், தானா ராத்தா டவுனில் கூட்டமா என்று கேட்பாள். அமல்தாஸ் வைக்காத குழம்பையெல்லாம் வைத்ததாகச் சொல்லிப் பேச்சை நீட்டுவார்.

முதல் வாரமே வம்பு வந்தது. நல்ல தண்ணீர் ஒழுங்காக இறங்கியது. உப்புத் தண்ணீரோ மூடுபனி கவிந்த நாட்களில் ஏறியது. கூரையைத் தடவிப் பார்த்தார், ஒழுகவில்லை. அவர் தொழிற்சாலையில் காலமெல்லாம் இருந்தது கொழுந்து வாட்டும் பிரிவில். அங்கே தண்ணீருக்கு ஒரே வேலைதான், இலையை விட்டுப் போவது. எடை குறையாமல் நின்றால் கணக்கெழுதும் கிராணி கேட்கும் முதல் கேள்வி, "எவன் வேல இது?" என்பது. தொட்டித் தண்ணீர் ஏறினால் காவல்காரன் சரியில்லை என்றுதானே ஆகும்? சரியில்லாத ஆளை மாற்றிவிட்டு அவள் வேறு யாருக்காவது போன் போடுவாள்.

"உப்புத் தண்ணி கொஞ்சம் எறங்கிடுச்சும்மா" என்றார். அன்றிலிருந்து போனில் தினமும் அது கொஞ்சம் இறங்கியது.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் தனுஜா சமையலைப் பற்றிக் கேட்கவில்லை.

"அங்கிள், இந்த வாரத்தோட அந்த எடத்த மூடிடலாம்னு ப்ரொஃபஸர் சொல்லிட்டாரு. தொட்டிய ஏத்த லோரி வரும்."

"நான் ஏதும் தப்பாப் பண்ணிட்டேனாம்மா?"

"சேச்சே, உங்க மேல ஒண்ணும் இல்ல. கெட்டி உப்புத் தண்ணி ஈரக் காத்துலருந்து தண்ணிய இழுத்துக்கும். மலைப் பனியில அது ஏறும்னு நம்பித்தான் அங்க வச்சோம். ஆனா கடலோரம் மாதிரியே தினம் எறங்குது. அப்புறம் எதுக்குச் செலவு?"

போனை வைத்துவிட்டு அமல்தாஸ் செருப்பை மாட்டினார். கொட்டகைக்குப் போனார். உப்புத் தண்ணீர் விளிம்பைத் தொடும் உயரத்தில் நின்றது. வாயை மூடிக்கொண்டிருந்தால் லோரி வரும், நல்ல பெயராவது மிஞ்சும். சொன்னால் இத்தனை நாள் சொன்ன பொய்யும் சேர்ந்து வெளியே வரும். ஆனால் அந்தப் பெண் தேடிய தண்ணீர் அவர் கண்முன்னே நிற்கிறது, இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளை ஏமாற்றியவர் அவர். வெட்கமாக இருந்தது. முதல் முறையாக அவரே அவளைக் கூப்பிட்டார்.

"அது எறங்கலமா. மொதல்லருந்தே ஏறிக்கிட்டுதான் இருந்துச்சு."

"ஏன் அங்கிள் மாத்திச் சொன்னீங்க?" என்றாள்.

"ஆள மாத்திடுவீங்கன்னு பயந்துட்டேன். பேச வேற யாரும் இல்லமா எனக்கு."

தனுஜா மறுநாளே வந்துவிட்டாள். தொட்டியைப் பார்த்தவள் முகம் மலர்ந்துபோனது. சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். கொட்டகை இருக்கட்டும் என்று பேராசிரியரும் சொல்லிவிட்டாராம். இரண்டு தொட்டிகளுக்கும் மேலே தலா ஓர் அளவுக் கருவியைப் பொருத்தினாள், தூணில் ஒரு கேமராவை மாட்டினாள். அளவு தானாகவே அவளுக்குப் போய்விடும்.

"கோவம் இல்ல அங்கிள். ஆனா இனிமே யாரு வாயால சொன்னாலும் எழுத முடியாது. நீங்களும் செரமப்பட வேணாம்."

"மழை பெஞ்சா கூர ஒழுகுதான்னு பாத்து போன் பண்ணவா?"

"வேணாம் அங்கிள், கேமராவுல தெரிஞ்சுடும்."

இருட்டுவதற்குள் மலையடியில் இருக்கும் தாப்பா போய்ச் சேர வேண்டும் என்று அவள் கிளம்பினாள். வண்டிச் சத்தம் வளைவுக்கு அப்பால் அடங்கும்வரை அமல்தாஸ் சாலையிலேயே இருந்தார்.

அடுத்த நாள் மாலை அவர் கொட்டகைப் பக்கம் போவதில்லை என்றுதான் இருந்தார். போனால் கேமராவில் தெரிவோம், அவள் என்ன நினைப்பாள்? பிறகு, தெரிந்தால் தெரியட்டுமே என்று போய், கேமராவுக்கு நேராகக் கொஞ்ச நேரம் நின்றார்.