யாராவது வாங்க

மூன்றாம் மாடி வார்டில் நர்ஸைக் காய்ச்சி எடுத்துவிட்டுத் தன் அறைக்கு வந்த பிறகும் அவனுக்குக் கோபம் அடங்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் இணைப்புகளையெல்லாம் பார்த்துக்கொள்கிறவன் அவன். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் அப்பா, நர்ஸைக் கூப்பிடும் மணியை அமுக்கி அமுக்கிப் பார்த்து யாரும் வராமல், படுக்கையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டார். இஸ்திரி போடாத சட்டையில் வாசல்வரைகூட வராத மனுஷர்.

"மணியே அடிக்கல சார்" என்றிருந்தாள் நர்ஸ்.

"அப்போ எங்கப்பா பொய் சொல்றாரா? படுக்கையை நனைச்சுட்டுக் கிடக்காரு, நீங்க அரட்டை அடிச்சிட்டிருக்கீங்க."

அவள் ஈரத்துணியைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

மணி அடித்ததற்கு ஆதாரம் காட்டி அவளை ஒரு வழி பண்ணிவிடலாம் என்றுதான் கம்ப்யூட்டரைத் திறந்தான். அன்று காலையில், அந்த மாடியின் கம்ப்யூட்டர்களையெல்லாம் இணைக்கிற ஸ்விட்ச் பெட்டி மூச்சுத் திணறிக் கிடந்தது. வருகிற தகவல் பாக்கெட்டுகளைப் பெரும்பாலும் அது யோசிக்காமலே கடத்திவிடும். எல்லோரையும் பார்த்துக் கூவுகிற சிலதைத்தான் அதன் சின்ன ப்ராசஸர் எடுத்துப் பார்க்க வேண்டும். ஏதோ ஒரு கெட்டுப்போன பிரிண்டர் ஓயாமல் கூவி அதன் உயிரை வாங்கியது. எது என்று தேட இவனுக்குச் சோம்பல். அந்த மாதிரிக் கூவுகிற எதையும் உள்ளே விடாதே என்று ஒரே ஒரு வரி எழுதினான். பாரம் சரசரவென்று இறங்கியது. பெரிய சாமர்த்தியம் போல டீ குடிக்கப் போனான்.

இப்போது, அந்த வரி தள்ளிவிட்டதெல்லாம் திரையில் ஓடியது. பிரிண்டர், பிரிண்டர், நடுவில் அப்பாவின் கட்டில். மறுபடி அப்பாவின் கட்டில். கட்டில் மணியும் அதே ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது; அதுவும் அப்படித்தானே, இன்னார் என்று பார்க்காமல், யாராவது வாங்க என்று எல்லோரையும்தான் கூப்பிடும். அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

பிரிண்டரை மட்டும் தடுக்கிற மாதிரி வரியைத் திருத்தினான். இத்தோடு விட்டால் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. அந்த நினைப்பு வந்ததே அசிங்கமாக இருந்தது. மேலே போனான்.

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்லடா. எனக்குத்தான் சரியா அமுக்கத் தெரியல போல. இனிமே முன்னாடியே சொல்லிடறேன். நீ சத்தம் போடாத."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் பாட்டுக்குச் சத்தமில்லாமல் துணியை மாற்றியிருப்பாள். வார்டு முழுக்கத் தண்டோரா போட்டது பெற்ற பிள்ளை.

"இல்லப்பா, நீங்க சரியாத்தான் அமுக்கினீங்க" என்றான். குரல் பக்கத்துக் கட்டிலுக்குக்கூட எட்டியிருக்காது. தலையணையோரம் கிடந்த மணியை எடுத்து அமுக்கினான். வெளியே கணீரென்று அடித்தது.

நர்ஸ் ஓடி வந்தாள். இவன் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, அப்பாவின் விரிப்புக்கடியில் கையை விட்டுத் தடவினாள்.

"காஞ்சுதான் சார் இருக்கு" என்றாள், பயந்துபோய்.

கட்டில்களிலிருந்து தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அவன் வாயைத் திறந்தான். பெருவிரலை இன்னும் எடுக்கவில்லை; மணி அடித்துக்கொண்டே இருந்தது.