அத்திப்பள்ளி பங்க் பில்

கேரலுக்குப் பொய் எழுத வராது. பல் வைத்தியர்களுக்குக் கருவி விற்கும் கம்பெனியில் அவளுக்கென்று ஒரு கார் கொடுத்திருந்தார்கள். எங்கே பெட்ரோல் போட்டாள், மீட்டர் எவ்வளவு காட்டியது, என்ன வேலையாகப் போனாள் என்று லாக் புக்கில் அவள் எழுதியதெல்லாம் சுத்தமான நிஜம், ஒரே ஒரு வரியைத் தவிர. அதுவும் சுப்ரியாவுக்காக எழுதியது.

"அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு ஓசூர்லேர்ந்து போன் வந்துச்சுடி. உன் வண்டியைக் கொடு, ப்ளீஸ்!" என்று அழுதாள் சுப்ரியா. பக்கத்து மேஜைக்காரி அப்படி அழுதால் யாருக்குத்தான் மனசு இளகாது? கேரல் சாவியைக் கொடுத்தாள். மறுநாள் 'எலெக்ட்ரானிக் சிட்டி கிளினிக், டெமோ' என்று எழுதி, சுப்ரியா கொண்டுவந்த பெட்ரோல் பில்லைப் படித்துப் பார்க்காமலே பக்கத்தில் ஒட்டினாள்.

பில் அத்திப்பள்ளி பங்க்கில் போட்டது. எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போனவள் பெட்ரோலுக்காக ஓசூர் எல்லை வரைக்கும் போவாளா? மாதக் கடைசியில் மேனேஜர் ரகுராம் இரண்டு பேரையும் கூப்பிட்டு அதைத்தான் கேட்டார்.

"வண்டியை யார் எடுத்துட்டுப் போனது? உண்மையைச் சொல்லு கேரல், இல்லேன்னா வேலை போயிடும்."

கேரல் சுப்ரியாவைப் பார்த்தாள். அவளே வாயைத் திறந்து சொல்லிவிடுவாள் என்று நம்பினாள், பாவம்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். எழுத்து கேரலோடது," என்றாள் அந்த மகராசி.

உண்மை கேரலின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனாலும் சுப்ரியாவின் வேலையும் போனால் அந்த நோயாளி மனுஷரின் மருந்துக்கு யார் இருக்கிறார்கள்? வாயை மூடிக்கொண்டாள். வேலை போயிற்று.

வராந்தாவில் சுப்ரியாவின் கையைப் பிடித்தாள். "அப்பாவுக்காகப் போனேன்னு சொல்லியிருந்தா சாரே விட்டிருப்பாரேடி!"

"அப்பாவுக்கு என்ன? கல்லு மாதிரி இருக்காரு. நான் போனது இன்டர்வியூவுக்கு. அடுத்த மாசம் அங்க சேரணும். இப்போ போய் கெட்ட பேர் வாங்கிக்கச் சொல்றியா?"

கூட உட்கார்ந்து சாப்பிட்டவளே கழுத்தை அறுத்திருக்கிறாள்.

"விவேக் நகர் சர்ச்சுல உங்கப்பாவுக்காக வியாழக்கிழமை தவறாம மெழுகுவத்தி ஏத்தினேனேடி, பாவி!"

சுப்ரியா கையை உதறிக்கொண்டாள். "நான் ஏத்தச் சொன்னேனா?"