அண்ணிக்கு மொழிபெயர்த்த நாள்

கடுகு என்று அவளுக்குப் பெயர் வைத்தது அண்ணிதான். கல்யாணமாகி வந்த புதிதில், நாத்தனார் ஒன்றுமில்லாத விஷயத்துக்குப் பொரிந்து தள்ளுவதைப் பார்த்துவிட்டு, "ஆள் இத்தனூண்டு, எண்ணெயில போட்ட கடுகு மாதிரி என்னமா வெடிக்குது" என்று அண்ணனிடம் சொன்னாள். அந்தப் பெயர் வீட்டைத் தாண்டிப் பல்கலைக்கழகம் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது.

ஜெர்மன் பாடத்தில் சேரும்போது அவளுக்கு அந்த மொழி மேல் ஆசையெல்லாம் கிடையாது. கேட்ட பாடம் கிடைக்கவில்லை, இடம் காலியாக இருந்த பாடம் கிடைத்தது, அவ்வளவுதான். முதல் வருஷம் முழுக்க அதனோடு சண்டை. கரண்டி ஆண்பாலாம், முள்கரண்டி பெண்பாலாம், கத்தி இரண்டிலும் சேர்த்தியில்லையாம். எந்த வேலையத்தவன் உட்கார்ந்து இதைப் பிரித்தான் என்று புத்தகத்தை மூடி வைப்பாள். பிறகு ஒருநாள், 'ஏனென்றால்' என்று தொடங்கும் வாக்கியத்தில் வினைச்சொல் நம் பேச்சில் வருவது போலவே கடைசியில் போய் உட்கார்வதைக் கண்டதும் சட்டென்று பிடித்துப்போனது. மூன்றாம் வருஷம் வந்தபோது வகுப்பில் அவளை விட நன்றாகப் பேசுகிறவர்கள் இல்லை. ஜெர்மனியில் ஒரு பருவம் போய்ப் படிக்கிற வாய்ப்பு துறையில் ஒருவருக்கு மட்டும் உண்டு. அது அவளுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

துறைத் தலைவர்தான் அவர்களுக்கு ஜெர்மன் பண்பாடு நடத்துகிறவர். எந்தக் காலத்திலோ அங்கே போய் ஆராய்ச்சி செய்தவர். வெயில் கொளுத்தினாலும் கோட்டைக் கழற்ற மாட்டார். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ஒன்று பேசத் தெரியாதவர்கள் ஜெர்மானியர்கள், அந்த நேர்மையைத்தான் மொழியோடு சேர்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வருஷா வருஷம் சொல்லுவார். 'டு' என்றால் நீ, 'ஸீ' என்றால் நீங்கள், முன்பின் தெரியாத பெரியவர்களை 'டு' போட்டுக் கூப்பிடுவது முகத்தில் அடிப்பது போல என்று ஒரு வகுப்பு முழுக்க விளக்கியிருக்கிறார். கடுகு அதையெல்லாம் நம்பினாள்.

அண்ணி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஜெர்மனிக்கு நர்ஸ்களை அனுப்பும் ஏஜென்ட் ஒருவர் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து போன பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லாமல் போனது. அங்கேயும் தியேட்டர் வேலைதான், ஆறு மாதத்தில் குழந்தையையும் அழைத்துக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். இத்தனை காலம் காலேஜ் பக்கமே எட்டிப் பார்க்காத அண்ணன்கூட, கடுகு என்ன படிக்கிறாள் என்று விசாரிக்க ஆரம்பித்தான். நேர்காணல் நடத்த அங்கிருந்து ஆட்கள் வருகிறார்கள், மொழிபெயர்க்க நீ வா என்று துறைத் தலைவர் அவளைக் கூப்பிட்டபோது வீட்டில் ஒரே சந்தோஷம். ஏஜென்டுக்கும் அவருக்கும் பழக்கம் உண்டு என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஒரு ஹோட்டலின் மீட்டிங் ஹாலில் நேர்காணல். மேஜைக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லங்கள் நடத்தும் கம்பெனியின் மேலாளர் அம்மா, பக்கத்தில் ஒரு நெட்டையர். இந்தப் பக்கம் சுவரோரமாக நாற்காலிகளில் நர்ஸ்கள், எல்லோரும் இஸ்திரி போட்ட உடையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு. துறைத் தலைவர் கடுகை அறிமுகப்படுத்தும்போது, இவள் மாணவிதான், வகுப்பறை ஜெர்மன்தான் தெரியும், கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று சிரித்தபடி கேட்டுக்கொண்டார். அது அவளுக்குச் சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேலாளர் அம்மா ஏஜென்டை 'ஸீ' என்றாள். துறைத் தலைவரை 'ஸீ' என்றாள். முதல் நர்ஸ் எதிரே வந்து உட்கார்ந்ததும் 'டு' என்றாள். தலை நரைத்த நர்ஸ் அவள். கடுகு அதை 'நீங்க' என்று மாற்றிச் சொன்னாள். அடுத்தவளுக்கும் அதேதான். ஒவ்வொரு தடவையும் 'நீங்க' என்று சொல்லும்போது, யாரோ எறிந்ததைத் தான் துடைத்துக் கொடுப்பது போல அவளுக்கு இருந்தது. துறைத் தலைவரைப் பார்த்தாள். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணியின் முறை வந்தது. எந்த மாதிரி ஆபரேஷன்களில் நின்றிருக்கிறாள் என்பதையெல்லாம் அண்ணி தெளிவாகச் சொன்னாள், கடுகும் பெருமையோடு மொழிபெயர்த்தாள். கடைசியாக, அங்கே எந்தத் தியேட்டரில் வேலை, குழந்தை எப்போது வரலாம் என்று அண்ணி கேட்டாள்.

மேலாளர் அம்மா பதில் சொல்லாமல் நெட்டையர் பக்கம் சாய்ந்தாள். இருவரும் வேகவேகமாகப் பேசிக்கொண்டார்கள். மாணவிக்கு இந்த வேகம் பிடிபடாது என்ற தைரியம். நெட்டையர் ஏதோ சொல்ல, அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கடுகு பக்கம் திரும்பி, எல்லாம் போகப் போக ஏற்பாடாகும் என்று சொல் என்றாள், நிறுத்தி நிதானமாக, பாலர் வகுப்புக்குச் சொல்வது போல.

கடுகு எழுந்து நின்றாள். அண்ணிக்கு மட்டுமல்லாமல் சுவரோரம் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"போகப் போக ஏற்பாடாகும்னு உங்ககிட்ட சொல்லச் சொல்றாங்க. அதுக்கு முன்னாடி அவங்களுக்குள்ள பேசினதையும் சொல்லிடறேன். தியேட்டராம் தியேட்டர், முதல்ல வந்து கெழடுகளைக் கழுவித் தொடைக்கட்டும்னு அவர் சொன்னார். குழந்தை விஷயத்தை இப்ப எடுக்காதே, அதுக்கு வருஷக் கணக்காகும், குழந்தை இருக்கறவங்கதான் நமக்கு நல்லது, வாயைத் திறக்காம வேலை பாப்பாங்கன்னு இந்தம்மா சொன்னாங்க. இங்க வந்ததுலேர்ந்து உங்க எல்லாரையும் நீ, வா, போன்னுதான் பேசறாங்க. நான்தான் மரியாதை சேத்துச் சொல்லிட்டிருந்தேன்."

பிறகு இதையே ஜெர்மனில் ஒரு முறை, ஒரு இலக்கணப் பிழையும் இல்லாமல், அவர்கள் இருவரையும் பார்த்துச் சொன்னாள். நெட்டையரின் முகம் காதுவரை சிவந்தது.

துறைத் தலைவர் அவளை வராந்தாவுக்கு இழுக்காத குறையாகக் கூட்டிப் போனார்.

"உன்கிட்ட சொன்னதை மட்டும்தான் நீ மொழிபெயர்க்கணும். அவங்க தனியா பேசிக்கிறதை ஒட்டுக் கேட்டுச் சொல்றது எந்த ஊர்ப் பண்பாடு?"

"எதிர்ல உக்காத்தி வெச்சுப் பேசினது எப்படி சார் தனியாகும்? உங்களுக்கும் கேட்டுதே. நீங்க ஏன் சார் சும்மா இருந்தீங்க?"

வீட்டுக்குப் போ என்றார்.

நேர்காணல் பாதியில் நின்றது. குழந்தைகளைப் பற்றி எழுத்தில் தர முடியுமா என்று நர்ஸ்கள் ஏஜென்டை வளைத்துக்கொள்ள, அவர் போன் வந்தது போலக் காதில் வைத்துக்கொண்டு நழுவினார். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். மற்றவர்கள் திரும்பவும் போய் நாற்காலிகளில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் கடுகுக்கு அவர்கள் மேலும் ஆத்திரம் வந்தது.

அண்ணி வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு கேட்டாள்.

"என் சார்பா கத்தச் சொல்லி உன்னை யார் கேட்டா?"

கடுகுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவங்க உங்களை ஏமாத்தப் பாத்தாங்க அண்ணி என்றாள்.

"அவங்க சிரிச்சாங்களே, அது எனக்குத் தெரியாமலா இருந்துச்சு? அர்த்தம் புரியலன்னா சிரிப்பும் புரியாதா? கழுவித் தொடைக்கிறதை என்னமோ அவமானம் மாதிரி சபையில சொல்ற. நான் வார்டுல இருந்தப்ப தெனமும் அதைத்தான் செஞ்சேன். அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. எங்கிட்ட மெதுவா சொல்லியிருந்தா, நானே கேள்வி கேட்டு அவங்களை மடக்கியிருப்பேன். நீ வெடிச்சே. எல்லாரும் என்னைப் பாவமாப் பாத்தாங்க. அவங்க பேசினதைவிட அதுதான்டி எனக்கு அசிங்கமா இருந்துச்சு."

சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். பிறகு அங்கிருந்தபடியே, குரல் இறங்கிச் சொன்னாள்: "பாப்பா விஷயம் மட்டும் எனக்குத் தெரியாது. அதை நம்பித்தான் இருந்தேன்."

அன்று கடுகு சாப்பிடவில்லை. அண்ணியும் சாப்பிடவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட அண்ணன் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் தனியாகச் சாப்பிட்டான்.

வெளிநாட்டுப் பருவத்துக்கான பெயர் வந்தபோது அது அவள் பெயராக இல்லை. கடுகு நேரே துறைத் தலைவர் அறைக்குப் போனாள். மொழி மட்டும் போதாது, பக்குவம் வேண்டும், அது உன்னிடம் இல்லை என்றார். வாசலில் மற்ற மாணவர்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கதவைச் சாத்தாமலே பேசினாள். வகுப்பில் நேர்மை நேர்மை என்று எங்கள் காது புளிக்கச் சொன்னீர்களே, அந்த ஹாலில் அது எங்கே போயிருந்தது என்று கேட்டாள். நரைத்த தலையைப் பார்த்து ஒருத்தி 'டு' என்றபோது முகத்தில் அடி விழவில்லையா, அல்லது அந்த முகங்கள் உங்கள் கணக்கில் சேராதா என்றாள். வெளியே போ என்று அவர் சொல்லும்வரை பேசிவிட்டுத்தான் போனாள். இடம் என்னவோ திரும்பக் கிடைக்கவில்லை. படிப்பை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தாள். மொழி என்ன பாவம் செய்தது, அது அவர் வீட்டுச் சொத்தா என்ற வீம்பில் தொடர்ந்தாள்.

கொஞ்ச நாள் ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் நடமாடினார்கள். பிறகு ஒருநாள் அண்ணி, டியூட்டி முடிந்து வந்த களைப்போடு அவள் கட்டிலில் வந்து உட்கார்ந்து, "எனக்குக் கத்துக் குடு" என்றாள். "இனிமே எனக்கு நடுவுல ஆள் வேண்டாம். சண்டை போடறதுன்னாலும் நானே போட்டுக்கறேன்."

சொல்லிக் கொடுப்பதும் சண்டையாகத்தான் நடந்தது. அண்ணியின் நாக்கு சில ஒலிகளுக்கு வளையவே இல்லை. கடுகு கத்துவாள். அண்ணி, தியேட்டரில் பெரிய டாக்டர்களே என்னிடம் இப்படிக் கத்தியதில்லை என்று பாடத்தை மூடிவிட்டு எழுந்து போவாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவாள். பாப்பா இருவரையும் பார்த்து அந்த ஒலிகளை அச்சாகச் சொல்லிக் காட்டும்.

மறுவருஷம் வேறொரு ஆஸ்பத்திரி அண்ணியைக் கம்ப்யூட்டர் திரையில் நேர்காணல் செய்தது. கடுகு அடுத்த அறையில் கதவோரம் நின்றாள். அண்ணியின் ஜெர்மன் தடுக்கித் தடுக்கி விழுந்தது. ஆனாலும் விடாமல் கேட்டாள். தேர்வு எழுதித் தேறும்வரை உதவியாளர் வேலைதான் என்றார்கள். தேறிய பிறகு தியேட்டர் என்றார்கள். குழந்தையைப் பற்றிக் கேட்டதும், வீடு கிடைத்து அனுமதியும் வர வேண்டும், எத்தனை நாளாகும் என்று எங்களால் வாக்குக் கொடுக்க முடியாது என்று ஒளிக்காமல் சொன்னார்கள். அண்ணி நன்றி சொல்லித் திரையை மூடினாள். பிறகு அண்ணனோடு உட்கார்ந்து பல நாள் பேசினாள். கடைசியில் போவது என்று முடிவு செய்தாள்.

கடுகுக்குத் தாங்கவில்லை. இதற்கா நான் அன்று அவ்வளவு பேசினேன் என்று கேட்டாள். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்த அண்ணி நிமிரவில்லை.

"அன்னிக்குத் தெரியாமப் போயிருப்பேன். இப்ப தெரிஞ்சு போறேன்."

"உங்களுக்குக் கோவமே வராதா அண்ணி?"

"வரும். நெறைய இருக்கு. அங்க போய் ஜெர்மன்ல கோவப்படலாம்னு வெச்சிருக்கேன்." இன்னொரு துணியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "பாப்பாகிட்ட மட்டும் பொய் சொல்லாத. சீக்கிரம் வந்துடுவேன்னு சொல்லாத. தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லு."

கடுகு சரி என்றாள். அண்ணி போன பிறகு அதைக் காப்பாற்றவும் செய்தாள். பாடம் படித்துக்கொண்டிருக்கும்போது பாப்பா வந்து மேல் சாய்ந்து, அம்மா எப்ப வரும் அத்தை என்று கேட்கும். தெரியலடா கண்ணு என்பாள். குழந்தை தலையை ஆட்டிவிட்டு விளையாடப் போய்விடும். கடுகுக்குத்தான் அதற்கப்புறம் ஒரு வரி ஓடாது. யாரையாவது பிடித்து நிறுத்திக் கத்த வேண்டும் போல இருக்கும். யாரை என்றுதான் தெரியாது.