முந்திச் சலாம் சொல்லாத டொக்டர்

ஷரிபுதீன் டொக்டர் மருந்து எழுதுவதில்லை. என்னுடைய முதல் சந்தேகமே அதுதான். மருந்தில்லாத டொக்டருக்குக் கல்முனையில் என்ன வேலை?

என் புடவைக் கடைக்கு மேல்மாடியை அவருக்கு நான்தான் வாடகைக்குக் கொடுத்தேன். கொழும்பில் மனநோய் ஆஸ்பத்திரியில் இருபது வருடம் வேலை செய்து இளைப்பாறிய மனிதர், ஊசியும் மாத்திரையும் கொண்டுவருவார் என்றுதான் நினைத்தேன். கொண்டுவந்தது இரண்டு கதிரை, ஒரு மேசை மணிக்கூடு, ஒரு றேடியோ. றேடியோவை அறைக்குள் வைக்காமல் வெளியே நீள வாங்கில் வைத்துச் சத்தமாகப் போட்டுவிடுவார். உள்ளே கதைப்பது வெளியே கேட்கக்கூடாதாம். வெளியே கேட்கக்கூடாத அப்படி என்ன கதை? தண்ணிக் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கிற சாட்டில் இரண்டு தரம் மேலே போனேன். கேட்டதெல்லாம் றேடியோவில் யாரோ வெங்காயச் செய்கை பற்றி விளக்கம் சொன்னதுதான்.

நான் சந்தேகக்காரன். மறைக்கவில்லை. ஒரு யார் நீளத் துணியை மூன்று தரம் அளந்து பார்ப்பேன். அதனால்தான் அச்சிமுகம்மது நான் இந்தத் தெருவில் இன்னும் கடை வைத்திருக்கிறேன்.

அவர் பழக்கம் ஒவ்வொன்றும் எனக்கு இடித்தது. ஆட்கள் முன்படியால் ஏறிப் பின்படியால் ஒழுங்கைக்கு இறங்கவேண்டும். வருகிறவரும் போகிறவரும் முகம் பார்க்கக்கூடாது. ஒருத்தருக்கு ஐம்பது நிமிடம், ஒரு நிமிடம் கூடாது. ஒருவர் ஆசையாக ஒரு முட்டி எருமைத் தயிர் கொண்டுவந்தார், அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே மறுப்பார். இந்த ஊரில் ஒரே தட்டைச் சுற்றியிருந்து உண்கிற சோற்றுச் சகனுக்கு வரமாட்டேன் என்கிற மனிதனை நான் அதுவரை கண்டதில்லை.

எல்லாவற்றையும் விடச் சலாம். மீன்காரனுக்குச் சலாம் சொல்வார், வண்டில்காரனுக்குச் சொல்வார், எதிர்க் கடை இராசதுரைக்கு வணக்கம் சொல்வார். சில ஆட்கள் எதிரே வந்தால் மட்டும் கடைப் பலகையை வாசித்துக்கொண்டு கடந்துபோவார். அவர்கள் முந்திச் சலாம் சொன்னால் முகம் மலர நின்று பதில் சொல்வார். அவர்கள் பேசாமல் போனால் அவரும் போய்விடுவார். அது என்ன பெருமை?

ஒரு மாதம் கல்லாவில் இருந்து பார்த்தேன். ஒருநாள் ஓய்வுபெற்ற கிராம விதானையார் பின்படியால் இறங்குவதைக் கண்டேன். அடுத்த நாள் சந்தைக்கு முன்னால் டொக்டர் அவரைத் தெரியாத ஆளாகக் கடந்தார். அப்போதுதான் பிடிபட்டது. தன்னிடம் வருகிறவர்களுக்கு இந்த மனிதர் முந்திச் சலாம் சொல்வதில்லை. அவர்களைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கச் செய்கிற வேலை. அதுவே காட்டிக்கொடுக்கிறது.

சந்தோசத்தில் வாயை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. தேநீர்க் கடை சீனிமுகம்மதுவிடம் சொன்னேன். அவரிடம் சொன்னால் லவுட்ஸ்பீக்கரில் சொன்ன மாதிரி. ஒரு கிழமையில் பாதித் தெரு டொக்டர் யாருக்குச் சலாம் சொல்கிறார், யாருக்குச் சொல்லவில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் என் ஒரே மகள் நபீலாவுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தேன். மாப்பிள்ளை மசூர், நற்பிட்டிமுனையில் வாத்தியார். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வரவேண்டும். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் ஓடு பறந்த வீட்டுக்குக் கொங்கிறீட் தட்டுப் போட்டு, சுண்ணாம்பும் அடித்து முடித்திருந்தேன். நாள் குறிப்பதுதான் பாக்கி.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் நின்றோம். டொக்டர் வந்தார். எனக்குச் சலாம், சீனிமுகம்மதுவுக்குச் சலாம். பக்கத்தில் நின்ற மசூரைத் தாண்டி மினாராவைப் பார்த்துக்கொண்டு போனார். சீனிமுகம்மது என் விலாவில் இடித்தார்.

"முதலாளி, கண்டீங்களா? ஒங்கட மருமகன் மேல்மாடிக்குப் போறார் போல."

 மசூரை மதில் ஓரம் கூட்டிப்போனேன்.

"டொக்டரிட்டப் போறியா?"

"ஓம் மாமா. சூறாவளிக்குப் பொறகு காத்தடிச்சா எனக்கு நித்திரை வாறல்ல. போய்க் கதைச்சன். இப்ப கொஞ்சம் படுக்கிறன்."

வெட்கமோ பயமோ இல்லாமல் சொன்னான். அதுவே எனக்கு மேலும் சந்தேகமானது. இவ்வளவைச் சொல்கிறவன் இன்னும் எவ்வளவை வைத்திருப்பான்?

"பைத்தியத்துக்கு என்ட புள்ளயத் தரமாட்டன்," என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை. பள்ளி வாசலில் பாதிச் சனம் நின்றது.

மசூர் என்னைப் பார்த்தான். "சரி மாமா," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பள்ளிக்கூடத்திலும் அந்தக் கதை போய்ச் சேர்ந்து, பிள்ளைகளின் தாய்தகப்பன் அதிபரிடம் போனார்களாம். நான் தப்பினேன் என்றுதான் நினைத்தேன். வீட்டில் நபீலா சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோவாள். பெண்பிள்ளை, நாலு நாளில் சரியாகும் என்று இருந்தேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் துணி எடுக்க என் மனைவி றாஹிலா மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். அவள் கடைப்பக்கம் வருவது பெருநாளுக்குத்தான். போன தரம் அவளைக் கண்ட டொக்டர், "என்ன தங்கச்சி, சொகமா?" என்று சலாம் சொல்லி விசாரித்தார். இந்தத் தரம் அவர்கள் வாடகைக் காரை விட்டு இறங்க, அவர் படியால் இறங்கினார். இரண்டு முழத் தூரம்கூட இல்லை. என் கடைப் பலகையை, இரண்டு வருடம் பார்த்த பலகையை, புதிதாக வாசிக்கிறவர் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

கையிலிருந்த அளவுகோல் விழுந்தது.

வீட்டில் ஒருத்தி மேல்மாடிக்குப் போகிறாள். என் கடைக்கு மேலே, என் தலைக்கு மேலே. எப்போது? செவ்வாய்க்கிழமை என்று உடனே தெரிந்தது. அன்றைக்குத்தான் நான் மட்டக்களப்புக்குச் சரக்கெடுக்கப் போவேன். றாஹிலாவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருடம் என்னோடு வாழ்ந்தவள், என்னைப் பற்றி ஒரு அந்நியனிடம் என்ன சொல்லியிருப்பாள்? வீட்டுக்குப் போனதும் அவளிடம் பாய்ந்தேன்.

"மேல்மாடியில என்னடி கதை ஒனக்கு?"

றாஹிலா வாயைத் திறக்க முந்தி நபீலா முன்னுக்கு வந்தாள்.

"உம்மா இல்ல வாப்பா. நான். உம்மா தொணைக்கு வாற."

"ஒனக்கு என்ன கொறை?"

"கதவுல தட்டுறது எனக்கு இன்னமும் கேக்கிது," என்றாள்.

அதற்குமேல் அவள் சொல்லத் தேவையில்லை. எந்தத் தட்டு என்று எனக்குத் தெரியும்.

சூறாவளி வந்த பின்னேரம். கடையில் இடமில்லாமல் புதுச் சரக்கையெல்லாம் வீட்டு மண்டபத்தில் அடுக்கியிருந்தேன். மஃரிப் தொழுகைக்குப் பிறகு காற்று ஊளையிட ஆரம்பித்தது. அப்போது முன்கதவில் தட்டுச் சத்தம் கேட்டது. ஊரே உள்ளுக்குள் கிடக்கிற நேரத்தில் எவன் வருவான்? கள்ளன்தான் என்றேன். நபீலா திறக்க எழுந்தாள். கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். தட்டு கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு நின்றது. விடியப் பார்த்தால் எங்கள் வேலி ஓரம், விழுந்த தென்னைக்குக் கீழே சபியா உம்மா உயிரில்லாமல் கிடந்தா. பின்வளவில் கிடுகுக் குடிசையில் தனியே இருந்து பாய் இழைத்து விற்ற மனுசி. குடிசை பறந்துபோக எங்களிடம் வந்திருக்கிறா. காற்றில் அவவின் குரல் எங்களுக்குக் கேட்கவில்லை.

ஊருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டிலும் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஆனால் அன்று தொட்டு நான் படுக்கப்போகுமுன் தாழ்ப்பாளை மூன்று தரம் தொட்டுப் பார்க்கிறேன்.

"மசூர் தான் போனத நேராச் சொன்னார், வாப்பா," என்றாள் நபீலா. "நான்தான் ஒளிச்சிப் போனன். ஆனா பைத்தியக்காரன் எண்டு பேர் வாங்கினது அவர்."

அடுத்த நாள் பின்னேரம் மேல்மாடிக்கு ஏறினேன். டொக்டர் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"குழாய் பாக்க வந்தீங்களா, முதலாளி?"

"மசூரைப் பத்திக் கேக்க வந்தன்."

"அவரைப் பத்தி அவரோட கதைங்க. ஒங்களப் பத்திக் கதைக்கிறெண்டா இதுல இரிங்க."

உட்காருவதா என்று யோசித்தேன். இந்தச் சுவருக்குப் பின்னால் எவன் நிற்கிறானோ என்றும் தோன்றியது. வெளியே றேடியோ சத்தமாகப் பாடியது. முதல்தரமாக அந்தச் சத்தம் எனக்கு நிம்மதியாக இருந்தது. இருந்தேன். சபியா உம்மாவைப் பற்றிச் சொன்னேன். வாய்விட்டு அழுதேன். அவர் ஆறுதலும் சொல்லவில்லை, குற்றமும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, சலாம் கதையைத் தெருவில் பரப்பினது நான்தான் என்றும் சொன்னேன்.

"தெரியும்," என்றார். "ஆறு பேர் வாறத்த நிப்பாட்டிட்டாங்க. அதுல ஒருத்தரை நினைச்சா எனக்குப் பயமா இரிக்கி."

மணிக்கூட்டைப் பார்த்தார். ஐம்பது நிமிடம் முடிந்திருந்தது.

"இனி ரோட்டுல ஒங்களுக்கும் நான் முந்திச் சலாம் சொல்ல மாட்டன். நீங்க சொன்னா வடிவாப் பதில் சொல்லுவன். சொல்றதும் விடுறதும் ஒங்கட இஷ்டம்."

மறுநாள் காலை சீனிமுகம்மதுவின் கடை நிறைய ஆள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வர, எதிரே டொக்டர் வந்தார். என்னைக் கண்டதும் அவர் கண் என் கடைப் பலகைக்குப் போனது. தேநீர்க் கடையில் பேச்சு நின்றது. சீனிமுகம்மது கையில் இழுத்த தேநீரோடு எட்டிப் பார்த்தார். நான் பேசாமல் நாலு அடி வைத்தால் போதும், பிறகு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். சைக்கிளை நிறுத்தினேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும், டொக்டர்," என்றேன், கடைசி வாங்கில் இருந்தவனுக்கும் கேட்கும்படி. "வாற புதன்கிழமை நாலு மணிக்குத்தானே நான் திரும்ப வரணும்?"

"வஅலைக்குமுஸ்ஸலாம். ஓம், நாலு மணி," என்று நின்று பதில் சொன்னார்.

சீனிமுகம்மது என் பக்கம் பார்க்காமல் கோப்பை கழுவப் போனார். நான் சைக்கிளில் ஏறி நற்பிட்டிமுனைக்கு மிதித்தேன். வயல் வழியெல்லாம் எதிர்க்காற்று. மசூரின் வீட்டுக்கு வந்து சேர வியர்த்துவிட்டது. முன்கதவு பூட்டியிருந்தது. உள்ளே ஆள் நடமாடுவது கேட்டது. தட்டினேன். நடமாட்டம் நின்றது. இன்னொரு தரம் தட்டினேன். திறக்காவிட்டாலும் அவன்மேல் பிழையில்லை என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"ஆரது?" என்று உள்ளேயிருந்து மசூர் கேட்டான்.

சபியா உம்மாவிடம் நான் அதைக்கூடக் கேட்கவில்லை.